தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைச் சரியாகப் படிப்போம்

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கும் கருவியையும் பலர் வாங்கி வைத்தோம். கருவி இருக்கிறது, ஆனால் அது காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பலரும் தயங்குகிறோம். சிலர் 99 என்று பார்த்ததுமே பதறி மாத்திரை கொடுக்கிறோம். சிலர் கைக்குழந்தைக்கு 100 காட்டினாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். இரண்டுமே தவறு. இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்தக் கருவி எப்படி உருவானது, உள்ளே என்ன நடக்கிறது, அது எப்போது தவறாகக் காட்டும், எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் சரியான தகவலோடும் சரியான நேரத்தோடும் போய்ச் சேர்வதற்கு ஓர் உதவி.

கை சொல்வது போதாதா?

பிள்ளைக்கு உடம்பு சுட்டால் உம்மா நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்ப்பார். அது நல்ல பழக்கம்தான். ஆனால் உள்ளங்கை தன்னுடைய சூட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். பாத்திரம் கழுவிவிட்டு வந்த குளிர்ந்த கைக்குச் சாதாரண நெற்றியும் சுடுவதாகத் தெரியும். அடுப்படியிலிருந்து வந்த சூடான கைக்கு உண்மையான காய்ச்சலும் தெரியாமல் போகும். கை ‘அளந்து பார்’ என்று நமக்கு நினைவூட்டும். அளக்க வேண்டியது கருவி.

சூட்டுக்கு எண் வந்த கதை

பழைய மருத்துவர்கள் காய்ச்சலைக் கூர்ந்து கவனித்தவர்கள். அல்ராஸி பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூலே எழுதினார். இப்னு சீனா தம் ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் நான்காம் பாகத்தைக் காய்ச்சல்களிலிருந்து தொடங்கினார். ஆனால் சூடு எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும் கருவி அவர்கள் காலத்தில் இல்லை. நாடி, தோல், சிறுநீர் இவற்றைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

இத்தாலியின் பதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறி இறங்குவதைக் கொண்டு நோயாளியின் சூட்டை அளக்க முயன்றார். குழாயின் உருண்டை முனையை நோயாளி வாயில் வைத்துக்கொள்வார், அல்லது கையில் பிடித்துக்கொள்வார். 1625இல் வெனிஸில் அச்சான நூலில் இந்தக் கருவியின் படங்களை அவர் வெளியிட்டார். அந்த நூல் இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலுக்கு அவர் எழுதிய விரிவுரை! பழைய மருத்துவ நூலின் விளக்கத்துக்குள்ளேயே புதிய கருவி பிறந்து வந்தது.

பிறகு ஃபாரன்ஹீட் 1714இல் பாதரசத் தெர்மாமீட்டரைச் செய்தார். செல்சியஸ் 1742இல் நூறு பாகம் கொண்ட அளவுகோலை முன்வைத்தார். ஆனாலும் நோயாளியின் படுக்கையருகே தெர்மாமீட்டர் வழக்கமாக வர இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகர மருத்துவர் வுண்டர்லிஷ், ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் சூட்டை மீண்டும் மீண்டும் அளந்து எழுதி, 1868இல் ஒரு நூலாக வெளியிட்டார். 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 ஃபாரன்ஹீட், இயல்பான சூடு என்ற கணக்கு அவரால்தான் பரவியது. அவர் காலத்துக் கருவி ஓர் அடி நீளம் இருந்தது. அளந்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆல்பட் என்ற மருத்துவர் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கி, ஐந்து நிமிடத்தில் அளக்கும்படி செய்தார். அந்தச் சிறிய கருவிதான் பின்னாளில் நம் வீடுகளுக்கும் வந்தது.

98.6 என்பது எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் எண் அல்ல. 1992இல் அமெரிக்காவில் நலமாக இருந்த 148 பேரை அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்றுதான் வந்தது. ஒரே ஆளுக்கே அதிகாலையில் சூடு குறைவாகவும், அஸர் நேரத்தில் கூடுதலாகவும் இருக்கும். ஆகவே மாலையில் 99 காட்டுவது மட்டுமே காய்ச்சல் ஆகிவிடாது.

பாதரசக் கருவி இன்னும் வீட்டில் இருந்தால்

பாதரசம் நஞ்சு. அது மூச்சில் கலக்கும் ஆவியாக மாறுவதுதான் பெரிய ஆபத்து. இதனால் 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத் தெர்மாமீட்டர்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2020க்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தது. இந்தியாவும் இதை ஏற்றுள்ளது.

வீட்டில் பழைய கருவி உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து நகையைக் கெடுத்துவிடும். விளக்குமாறால் பெருக்கக் கூடாது. உருண்டைகள் இன்னும் சிறிதாகச் சிதறும். கையுறை அணிந்து, கெட்டியான அட்டையால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்து வையுங்கள். சாக்கடையில் கொட்டவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம்.

பீப் என்று சத்தம் போடும் கருவிக்குள் என்ன இருக்கிறது?

இப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் மின்னணுத் தெர்மாமீட்டரின் உலோக நுனிக்குள் கடுகளவுக்கும் சிறிய ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் தெர்மிஸ்டர். சாதாரண உலோகக் கம்பி சூடானால் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை கூடும். தெர்மிஸ்டர் இதற்கு நேர்மாறானது; சூடு ஏற ஏற அதன் தடை குறையும். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளில் இந்தக் குணத்தை 1833இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டார். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 1930இல் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் அதைப் பயன்பாட்டுக்கு உகந்த உறுப்பாக ஆக்கினார்.

பட்டன் பேட்டரி தரும் சிறிய மின்சாரம் தெர்மிஸ்டர் வழியாக ஓடுகிறது. உள்ளே உள்ள சிப் அதன் தடையை அளந்து, இந்தத் தடைக்கு இந்தச் சூடு என்று கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. சூடு ஏறும் வேகம் நின்றுவிட்டது என்று சிப் கருதும்போது ‘பீப்’ ஒலிக்கிறது. நுனி தோலோடு சரியாக ஒட்டாமல் இருந்தால் சூடு மெதுவாக ஏறும். சிப் ஏமாந்து சீக்கிரமே ஒலித்துவிடும். அக்குளில் வைக்கும்போது ‘பீப்’ வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு எடுப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

தொடாமல் அளப்பது எப்படி?

1800இல் வானியலாளர் ஹெர்ஷல், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில்தான் சூடு அதிகமாக இருந்தது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் தெரியவந்தது. சூடுள்ள எல்லாப் பொருளும் இந்தக் கதிரை வெளிவிடுகிறது. நம் உடம்பும் அப்படியே.

காதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதற்குப் போகும் இரத்தக் குழாயின் கிளைகளே செவிப்பறைக்கு அருகிலும் வருகின்றன. அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றிய பென்ஸிங்கர் என்பவர், உடம்பின் உட்சூட்டை அறியச் செவிப்பறை நல்ல இடம் என்று 1959 வாக்கில் காட்டினார். ஆனால் அவர் முறையில் மெல்லிய கம்பி செவிப்பறையைத் தொட வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது.

செவிப்பறையைத் தொடாமல், அது வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை மட்டும் பிடித்து ஓரிரு நொடியில் அளக்கும் கருவிகள் 1980களில் வந்தன. அவற்றில் ஒன்றுக்காக, மருத்துவ மின்னணுவிலும் சென்சார்களிலும் பல கண்டுபிடிப்புகள் செய்த ஜேக்கப் ஃப்ரேடன் 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நெற்றிக்கு நேரே நீட்டும் கருவியும் இதே அடிப்படையில் இயங்குவதுதான்.

இங்கே ஒரு பயத்தைப் போக்க வேண்டும். நெற்றிக் கருவி மூளைக்குள் கதிரைப் பாய்ச்சுகிறது என்று கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் பரவியது. அது உண்மையல்ல. கேமரா நம்மிடமிருந்து வரும் ஒளியை வாங்குவதுபோல, இந்தக் கருவி நம் உடம்பிலிருந்து வரும் கதிரை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது. ஆனால் தொழிற்சாலைகளில் எந்திரத்தின் சூட்டைப் பார்க்கும், சிவப்பு லேசர் புள்ளி விழும் கருவியை மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. லேசர் கண்ணுக்குக் கெடுதல். காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் துல்லியமும் அதற்கு இல்லை.

கருவி எப்போது ஏமாறும்?

கருவி பொய் சொல்வதில்லை. தான் இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்கிறது. அந்த இடம் உடம்பின் உட்சூட்டைக் காட்டுகிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாய்: டீ, கஞ்சி, ஐஸ் தண்ணீர் எது குடித்திருந்தாலும் பதினைந்து நிமிடமாவது கழித்து அளக்க வேண்டும். நுனி நாக்கின் அடியில் இருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது.

அக்குள்: வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனியை அக்குளின் குழிக்குள் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இடையில் துணி மாட்டக் கூடாது. அக்குளில் காட்டும் எண் உட்சூட்டைவிடச் சுமார் அரை டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய ஒரு டிகிரி, குறைவாக இருக்கும்.

காது: மடலை மெல்லப் பின்னுக்கும் மேலுக்கும் இழுத்தால் துளை நேராகும். அழுக்கு அடைத்திருந்தால் எண் குறையும். அந்தக் காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தால் எண் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் காதுத்துளை மிகக் குறுகலானது. அவர்களுக்கு இந்தக் கருவி வேண்டாம்.

நெற்றி: இதுதான் அதிகம் ஏமாறும் இடம். ஒளு செய்த ஈரம் காயும்போது தோல் குளிர்ந்துவிடும், எண் குறையும். வெயிலில் நடந்து வந்த உடன் அளந்தால் எண் கூடும். தொப்பியோ முக்காடோ நெற்றியை மூடியிருந்தாலும் வேறுபடும். நிழலில் பத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். சில கருவிகளில் உடம்புக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று என இரண்டு நிலைகள் உண்டு. பால் புட்டியின் சூட்டைப் பார்க்க நிலையை மாற்றிவிட்டு, அப்படியே பிள்ளையின் நெற்றியில் வைத்தால் 93, 94 என்று காட்டும். காய்ச்சல் இருந்தும் இல்லை என்று நினைத்துவிடுவோம். நெற்றிக் கருவியில் சந்தேகம் வந்தால் அக்குளில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளந்த எண்ணோடு நாமாக எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். “அக்குளில், காலை ஏழு மணிக்கு, 100.8” என்று அப்படியே எழுதி வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள்

செல்சியஸ் 37 என்பது ஃபாரன்ஹீட்டில் 98.6, 38 என்பது 100.4; 39 என்பது 102.2, 40 என்பது 104. பொதுவாக 100.4 முதல் காய்ச்சல் என்று கொள்வது வழக்கம். ஆனால் எல்லா வயதுக்கும் ஒரே கணக்கு இல்லை.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நம் நாட்டில் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரும் முறையில், அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஆபத்து அறிகுறி. 35.5 செல்சியஸ், அதாவது 95.9க்குக் கீழே போனாலும் ஆபத்து அறிகுறியே. இந்த வயதில் கடுமையான கிருமித்தொற்று பெரிய காய்ச்சலாகக் காட்டாமல், பால் குடிக்காமை, சோர்வு, உடம்பு சில்லிடுதல் என்று மட்டும் காட்டலாம். கஷாயம், கைவைத்தியம், மறுநாள் பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியே பெரிய எதிரி. இன்குபேட்டரில் குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்கும் சின்ன வயர் ஒரு தெர்மிஸ்டர்தான். அது சொல்லும் எண்ணைப் பார்த்துக் கருவி தானாகவே சூட்டைக் கூட்டும், குறைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பயன்படுத்த, குழந்தையின் சூடு குறைந்தால் ஒலி எழுப்பும் கைப்பட்டையைப் பெங்களூரில் உள்ள பெம்பு என்ற நிறுவனம் உருவாக்கியது. கருவி ஏதும் இல்லாத வீட்டிலும் ஒரு வழி உண்டு. குழந்தையை உம்மாவின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்துவதுதான் அது. இதையே மருத்துவர்கள் கங்காரு முறை என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் இப்படியே கொண்டு போகலாம்.

வயதானவர்கள்: முதியவர்களுக்கு இயல்பான சூடே குறைவாக இருக்கும். நிமோனியா இருந்தும் 99க்கு மேல் ஏறாமல் போகலாம். அவர்கள் நலமாக இருக்கும்போதே சில நாள் அளந்து எழுதி வையுங்கள். வழக்கமான எண்ணைவிட இரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால், அல்லது திடீரென்று குழப்பமாகப் பேசினால், சாப்பாட்டை வெறுத்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெங்கு காலத்தில்: இதை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். எண் இயல்புக்கு வந்துவிட்டது என்று நாம் நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கலாம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழக்கூடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகள் கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும்.

எந்த வயதானாலும் வலிப்பு, மூச்சுத்திணறல், கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் அளந்துகொண்டு நிற்க வேண்டாம், முதலில் புறப்படுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு நல்ல மின்னணுத் தெர்மாமீட்டர் போதும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பயன்படுத்திய பின் நுனியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர வையுங்கள். வாய்க்கு ஒன்று, அக்குளுக்கு ஒன்று எனத் தனித்தனியே இருந்தால் நல்லது. திரை மங்கினால் பேட்டரியை மாற்றுங்கள். பழைய பட்டன் பேட்டரி பிள்ளைகள் கையில் கிடைக்கவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிய சிறு நோட்டு ஒன்றைத் தெர்மாமீட்டரோடு சேர்த்தே வையுங்கள்.

குடும்பத்தோடு கேட்டுப் பாருங்கள்

பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். விடைகள் எல்லாம் மேலேயே இருக்கின்றன.

1. ஒளு செய்த உடனே நெற்றியில் அளந்தால் எண் கூடுமா, குறையுமா? ஏன்?
2. ‘பீப்’ சத்தம் எதைக் குறிக்கிறது? அக்குளில் ஏன் இன்னும் ஒரு நிமிடம் வைக்க வேண்டும்?
3. நாற்பது நாள் குழந்தைக்கு அக்குளில் 99.8 காட்டுகிறது. என்ன செய்ய வேண்டும்? 95.5 காட்டினால்?
4. டெங்கு நோயாளிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் வாந்தி நிற்கவில்லை. காத்திருக்கலாமா?
5. நம் வீட்டுப் பெரியவருக்கு நலமாக இருக்கும்போது எவ்வளவு சூடு?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் விடை இந்தப் பக்கத்தில் இல்லை. இன்றே அளந்து நோட்டில் எழுதி வையுங்கள்.